பெரியப்பா வீட்டு ஆறு

பெரியப்பா வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், ஆறு நிற்காது. நீடாமங்கலத்தில் வெளியே ஓடவேண்டிய ஆறு மேட்டூர் திறக்கும்வரை மணலாகக் கிடக்கும். அவர் வீட்டு முன்னறையில் மட்டும் வருஷம் முழுக்க ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீரைத் தள்ளும் மோட்டார், அடியில் உருண்டைக் கற்கள். கற்களில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வரும் பக்கத்தையே பார்த்தபடி ஒன்பது அயிரை வகை மீன்கள். இன்வெர்ட்டர் வாங்கியதே அந்த மோட்டாருக்காகத்தான். நாங்கள் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

லீவுக்குப் போயிருந்த எனக்கு எட்டு வயது. அயிரையைக் குழம்பில் மட்டுமே அறிந்தவள். பெரியப்பா என்னைத் தொட்டியருகே உட்காரவைத்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் வயிற்றைக் காட்டுவார்.

"வயித்துத் துடுப்பு ரெண்டும் பின்னால ஒண்ணா சேர்ந்திருந்தா, கடையில விக்கிற சீமை மீன். பிரிஞ்சிருந்தா நம்ம மலை மீன். இதெல்லாம் அண்ணன் இருக்கிற இடத்துலேந்து வந்தது."

அண்ணன் அவர்களுடைய ஒரே மகன். மலையில் படிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். லீவுக்குக்கூட வராத அவன்மேல் எனக்குக் கோபம். அவன் சைக்கிளை யாரும் தொடக்கூடாது என்பதில் கூடுதல் கோபம்.

பெரியம்மா அந்த அறைக்குள் வரவே மாட்டார். சாப்பாட்டைக்கூட நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் நீட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு அந்தச் சலசலப்பைக் கேட்பார்.

ஒருநாள் காலையிலிருந்தே ஷட்டவுன். பெரியப்பா தஞ்சாவூர் போயிருந்தார். நான் விளையாடியே பெரியம்மா போனில் சார்ஜைத் தீர்த்துவிட்டேன். வீட்டில் கரண்ட் இருந்த ஒரே ப்ளக் பாயிண்ட் ஆற்றினுடையது. அதைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினேன்.

சத்தம் நின்றது. காது அடைத்தாற்போல் இருந்தது. மீன்கள் திசை தெரியாமல் அங்குமிங்கும் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏறத் தொடங்கின. தண்ணீரைத் தாண்டியும் ஏறின. பயந்துபோய்ச் சார்ஜரைப் பிடுங்கப் போன என் கையை இன்னொரு கை பிடித்தது. பெரியம்மா அறைக்குள் நின்றிருந்தார்.

"இருடி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

"மீன் செத்துடும் பெரியம்மா!"

அவர் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடினார். நாள்பட்ட தலைவலி விட்டவர்போல முகம் இளகியது. என் கையை மட்டும் விடவில்லை. நான் அழுதேன். எல்லாவற்றிலும் சின்ன மீன் ஒன்று அவர் முகத்துக்கு நேராக ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடியது.

கண் திறந்த பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். என்னிடம் அல்ல.

"மூச்சு முட்டுதாடா?"

அவரே மோட்டாரை மறுபடி சொருகினார். மீன்கள் இறங்கி, தண்ணீர் வரும் பக்கம் திரும்பிக்கொண்டன. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் பெரியப்பா வந்து எண்ணினார். ஒன்பதும் இருந்தன. நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை. மீனைப் போய் யாராவது 'டா' போட்டுக் கூப்பிடுவார்களா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

கூட்டாளிகளோடு குளிக்க இறங்கிய அண்ணனை இழுத்துக்கொண்ட மலையாற்றின் கற்களைத்தான் பெரியப்பா மூட்டை கட்டி வந்து அந்தத் தொட்டியில் அடுக்கியிருந்தார் என்பது, நான் ப்ளஸ் டூ படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, யாரும் சாகவில்லை என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.