பிரித்த நூலில் பின்னிய தொப்பி

கொச்சியில் எதற்கு ஸ்வெட்டர் என்று என்னைக் கேட்காத ஆள் மட்டாஞ்சேரியில் இல்லை. நான் வேலை பார்க்கும் மிளகுக் கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். சாயாக் கடைச் சேட்டன் கேட்டார். படகுத்துறையில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் மடியிலிருந்த நூலை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சூட்டுல கம்பிளியா?" என்றாள். "எனக்குப் பொழுது போகல, உங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நான் பின்னுவது கம்பளியே இல்லை. பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிப்பாதி கலந்த நூல். வெறும் பருத்தியில் பின்னினால் கனக்கும், நான்கு தடவை துவைத்ததும் தொப்பி தோளில் வந்து விழும். வெறும் அக்ரிலிக் என்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்து ஊற்றும். இரண்டும் கலந்தால் லேசாக இருக்கும், இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும், மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். நிறத்தையும் அப்படித்தான் கலப்பேன். மெல்லிய நூல் இரண்டை, வேறு வேறு நிறத்தில், ஒரே ஊசியில் சேர்த்துப் பின்னுவேன். பின்னி முடித்தால் அதுவுமில்லாத இதுவுமில்லாத ஒரு புது நிறம் வரும். பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றது. பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் அடங்கும்.

என் தங்கை உண்டானபோது குழந்தைக்கு ஒரு செட் பின்னினேன். தொப்பி, காலுறை, முன்பக்கம் திறந்த ஒரு சின்னச் சட்டை. ஆணா பெண்ணா என்று தெரியாதே, அதனால் மஞ்சளும் இளம்பச்சையும் எடுத்தேன். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் மட்டாஞ்சேரியில் இருக்கும் என் வீடுதான். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவருவதாக ஏற்பாடு. அதுவரை அவள் ஆலுவாவில், மாமியார் வீட்டில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

தங்கை தொப்பியைத் தன் கைமுஷ்டியில் மாட்டி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ மெத்துனு இருக்குக்கா" என்றாள். அவள் மாமியார் அதைத் தொடக்கூட இல்லை. சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

"பொறக்காத குழந்தைக்குப் புதுத்துணியா மோளே? அது ஆகாதாக்கும்" என்றார்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாமலில்லை. குழந்தை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு துணுக்குத் துணி வாங்கக் கூடாது. பிறந்ததும் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டியில்தான் கிடத்த வேண்டும். பெயர் வைக்கும் நாளில்தான் புதுசு. முன்கூட்டியே ஆசைப்பட்டுச் சேர்த்தால் கண் பட்டுவிடும், குழந்தை தங்காது என்பார்கள். எங்கள் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அம்மா சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

"ஏன் அத்தை, ஓணம் வர்றதுக்கு முன்னாடி யாரும் சட்டை தைக்கறதில்லையா? அதனால ஓணம் வராமப் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஓணம் நம்ம வயித்துல வளரலையே" என்றார் அவர்.

நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். படித்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சா, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் தங்கைக்கு இதையா சொல்லித்தருவது என்றெல்லாம் கேட்டேன். அத்தை அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார். தங்கை சிரித்துக்கொண்டே, "விடுக்கா, நான் அலமாரில வச்சுக்கறேன்" என்று எடுத்துப்போனாள். ஜெயித்துவிட்ட நினைப்பில் ரயிலேறினேன்.

வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. குறைமாதம். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம் என்று மாப்பிள்ளை ஃபோன் செய்தார். கம்பெனியில் சொல்லாமல்கூட ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் பெண் குழந்தை பிறந்து, கண்ணாடிக் கதவுக்குள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கதவு வழியாகப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உயிர். மூக்கில் குழாய். மார்பு மட்டும் விட்டு விட்டு ஏறி இறங்கியது. இது பிழைக்குமா என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் தாமாகவே, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்.

பிறகு நர்ஸ் வந்தாள். "குஞ்ஞினு தொப்பி கொண்டுவந்தோ சேச்சி?" என்று கேட்டாள். அவர்களிடம் இருந்ததெல்லாம் இதன் தலைக்குப் பெரிது, கழன்று கழன்று விழுகிறது, தலை வழியாகத்தான் சூடு போகும், சின்னதாக ஒன்று உடனே வேண்டும் என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, வீட்டு அலமாரியில் நான் பின்னிய செட் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வாருங்கள், பெரிதாக இருந்தாலும் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுவேன் என்றேன். அவர் ஆலுவா போய்த் திரும்பி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கவரைத் திறந்தால் தொப்பியும் இல்லை, சட்டையும் இல்லை. கொத்தாக நூல். பின்னல் அத்தனையும் பிரித்து, மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்டு சுருண்டு, வேகவைத்த சேமியா மாதிரி கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை உட்கார்ந்திருந்தார். நான் கவரை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது யார் பண்ணின வேலை?"

அவர் கவரைப் பார்த்தார். தங்கை படுத்திருந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, "நான்தான் பிரிச்சேன்" என்றார்.

அப்புறம் நான் பேசியதை எழுத வேண்டுமா? எழுதுகிறேன். "நீங்களும் ஒரு பொம்பளைதானே? ஒரு பச்சை மண்ணு உள்ளே குளிர்ல கெடக்கு, அதுக்குப் போட வச்சிருந்ததைப் பிச்சுப் போட்டிருக்கீங்களே, உங்க கை விளங்குமா? அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்!" வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவல்காரர் ஓடி வந்து, "ஆஸ்பத்திரியாணு சேச்சி" என்றார். "தெரியுது, எனக்குக் கண்ணு இருக்கு" என்று அவரிடமும் பாய்ந்தேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆம்பளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் சுவர் ரொம்பப் பிடிக்கும்.

கத்திக்கொண்டே கைப்பையைத் திறந்தேன். படகில் பின்னுவதற்காக எப்போதும் ஊசி வைத்திருப்பேன். தரையிலேயே உட்கார்ந்தேன். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் லேசில் வசப்படாது. பழைய வளைவெல்லாம் அதில் அப்படியே நிற்கும். இரண்டு நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிக்கலாகி, எடுக்க எடுக்க முடிச்சு விழுந்தது. அப்போது அத்தை தன் நாற்காலியிலிருந்து இறங்கி, என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். என் மடியிலிருந்த சிக்கலை எடுத்து, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நூலை உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார். நான் பின்னினேன், திட்டினேன். அவர் சுற்றினார். பிரிக்கும்போது இந்தக் கை எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் அடுத்த முடிச்சை எடுத்தார்.

ஆரஞ்சுப்பழ அளவுக்கு ஒரு தொப்பி. ஓரத்தில் மட்டும் முன்பக்கம் இரண்டு கண்ணி, பின்பக்கம் இரண்டு கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டேன், அப்போதுதான் தலையை விட்டு நழுவாது. சுருண்ட நூல் என்பதால் பின்னல் கோணல்மாணலாக வந்தது. நர்ஸ் கழுவிக் காயவைத்துத் தரச் சொன்னாள். வெளியே மழை கொட்டியது. அத்தை அதைக் குழாயடியில் கழுவிப் பிழிந்து, வராந்தா மின்விசிறிக்குக் கீழே இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். காயும்வரை உட்காரவே இல்லை. நடிக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன்.

குழந்தை பிழைத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை எடுத்தார்கள், பெட்டியிலிருந்து எடுத்துத் தங்கையின் நெஞ்சில் போட்டார்கள், எடை ஏறியது, ஒருநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்வந்தேன். ஆலுவா வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை செய்த காரியத்தை மட்டாஞ்சேரியில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. சாயாக் கடைச் சேட்டன்கூட, "அந்தம்மாவுக்கு இத்தற துஷ்டத்தனமா?" என்று வருத்தப்பட்டார்.

பெயர் வைத்துத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்குத் தங்கை கூப்பிட்டாள். "அந்தப் பொம்பளை இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றேன். மறுநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தங்கை தனியாக இறங்கினாள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அத்தையத் திட்டாதேக்கா" என்றாள். "நான்தான் பிரிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "என்னத்தைடி?"

"அந்த செட்டை. அன்னிக்கு வலி வந்து, ரத்தத்தப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவர் காரெடுக்கப் போயிருந்தாரு. அலமாரியத் தொறந்தேன், அது கண்ணுல பட்டுச்சு. நூல் முனையப் பிடிச்சு இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துச்சு. அத்தை ஓடி வந்து என் கையப் பிடிச்சாங்க. 'வேண்டாம் மோளே, உன் அக்கா ஆசையாப் பண்ணினதாக்கும்'னாங்க. நான் கேக்கல. தொப்பி, சாக்ஸ் எல்லாத்தையும் இழுத்துட்டுத்தான் கார்ல ஏறினேன்."

"அப்புறம் ஏன் அவங்க நான்தான்னு சொன்னாங்க?"

"நீ கத்தினது உள்ளே எனக்குக் கேட்டுச்சு. எழுந்து வந்து சொல்ல தைரியம் வரல. அப்புறம் அத்தைகிட்ட கேட்டேன். 'பெத்துட்டுக் கெடக்கறவள யாரும் ஒண்ணும் சொல்லப்படாது, உன் அக்காவுக்குக் கோபம், என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னாங்க."

கோபம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், இரண்டு மடங்காயிற்று. ஊரெல்லாம் போய்ச் சொன்னேனே! இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே! அறைந்துவிடலாம் போலிருந்தது. குழந்தை கையில் இருந்ததால் பிழைத்தாள்.

"சரி, பயத்துல பண்ணிட்டே" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்பச் சொல்லுடி. நான் பின்னினதாலதான் இவ முன்கூட்டிப் பொறந்தாளா? படிச்சவதானே நீ, டாக்டர்கிட்ட கேட்டவதானே, சொல்லு."

அவள் துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது துண்டு.

"டாக்டர் வேற காரணம்தான் சொன்னாரு" என்றாள். "ஆனா எனக்குத் தோணுதே, நான் என்ன பண்ண? அன்னிக்கு நான் பிரிச்சதாலதான் இவ தங்கினாளோன்னு தோணுது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமே இவளுக்கு நீ எதுவும் பின்ன வேண்டாம்க்கா."

ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். அவள் போய்விட்டாள். தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அழுகை வந்தது. அழுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே வந்து ஆலுவாவுக்கு ஃபோன் போட்டேன். அத்தைதான் எடுத்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். "அவதான் பிரிச்சான்னு அன்னிக்கே ஏன் சொல்லல? ஊரெல்லாம் உங்களப் பத்தி என்னென்னவோ பேச விட்டீங்களே, நான் இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கே வருவேன்? வாயில்லையா உங்களுக்கு?"

"அவ வந்து பறஞ்சுட்டாளா?" என்றார் அத்தை. "சரி, நீ கத்து மோளே. எவ்வளவு வேணும்னாலும் என்கிட்ட கத்து. அவகிட்ட மட்டும் கத்தாதே."