பச்சைக் கோட்டும் வெள்ளை ஓவரோலும்

டென்மார்க்கில் ஒரு விருந்துக்குப் போனால் பாடாமல் வீடு திரும்ப முடியாது. பிறந்தநாளோ, வெள்ளிவிழாவோ, யாராவது ஓய்வுபெறுகிற நாளோ, எதுவானாலும் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை எடுத்து, அதற்குப் புது வரிகள் கட்டி, தாளில் அச்சடித்து ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் வைத்துவிடுவார். சபையே உட்கார்ந்து பாடும். இந்த நாட்டுக்கு வந்த காலம் முதல் மற்றவர்கள் கட்டிய பாட்டுகளையே நான் பாடி வந்திருக்கிறேன். ஆகவே எங்கள் கோல்ஃப் கழகத்தின் தலைவர், "இந்த முறை ஏப்ரல் விருந்துப் பாட்டை நீ எழுது" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பராமரிப்பு வேலை செய்கிற ஒரு தமிழச்சியின் டேனிஷ் வரிகளை ஒரு மண்டபமே பாடப் போகிறது என்றால் சும்மாவா?

எங்களுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். என் கணவர் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் காங்கிரீட் தரையில் நின்று நின்றே முழங்காலைத் தேய்த்தவர். வேலையை விட்டதும் வைத்தியர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்கிற ஆள் அவர் இல்லை. பழைய வேலை நண்பர் ஒருவர் ஒரு நாள் கழகத்துக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து வீட்டு விறாந்தையெல்லாம் வெள்ளைப் பந்து. இங்கே தச்சரும் பஸ் ஓட்டுநரும்கூட விளையாடுகிறார்கள் என்று சொல்லி என்னையும் இழுத்தார். நான் நக்கலடித்துக்கொண்டே போனேன், எனக்கும் பிடித்துப்போய்விட்டது. அவருக்குக் கிடைத்தது விளையாட்டு மட்டுமல்ல. வாழ்நாளில் முதல்தடவையாக, வேலை காரணமில்லாமல் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிற டேனிஷ்காரர்கள் நாலு பேர் கிடைத்தார்கள்.

ஏப்ரல் விருந்து என்பது அமெரிக்காவின் தெற்கே ஒவ்வொரு வருடமும் நடக்கும் பெரிய போட்டிக்காக. வெல்பவருக்குப் பச்சைக் கோட் போட்டுவிடுவார்களே, அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கழகத்தில் எல்லோரும் பச்சையில் ஏதாவது உடுத்துவார்கள். மத்தியானம் எங்கள் புல்வெளியிலேயே ஒரு சின்னப் போட்டி, பிறகு சாப்பாடு, பிறகு பெரிய திரையில் அமெரிக்கா. பாட்டு அந்தப் போட்டியின் வரலாற்றைச் சொல்லவேண்டும் என்பது வழக்கம்.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வரலாற்றைப் பார்த்து எழுது என்று சொல்லக்கூடாது. நாங்கள் சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்துவிடுவோம். நூலகத்தில் புத்தகங்களைப் பதிந்து எடுத்தேன், பழைய படங்களைப் பார்த்தேன், வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் வாசித்தேன். முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அந்த நிலம் ஒருகாலத்தில் செடிகள் வளர்த்து விற்கிற தோட்டமாக இருந்ததாம். அதனால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரத்தின் அல்லது பூவின் பெயர். பரிசுப் பணத்துக்கு ஆடாமலே உலகத்தை வென்று, இளவயதிலேயே போதுமென்று விலகிய ஒருவர் தொடங்கிய போட்டி அது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் புல்லில் மாடு மேய விட்டிருக்கிறார்கள். போன வருடம் வென்றவர் தன் கையாலேயே இந்த வருடம் வென்றவருக்குக் கோட்டைப் போட்டுவிடவேண்டும். நாலு சரணம் மழைபோல் வந்தது.

பிறகு படங்களை உற்றுப் பார்த்தேன். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளை ஓவரோல், சட்டையும் காற்சட்டையும் ஒன்றாய்த் தைத்த வேலையுடுப்பு. பச்சைக் கோட்டுக்குள் வெள்ளை முகம், வெள்ளை ஓவரோலுக்குள் கறுப்பு முகம். ஒரு படம் இரண்டு படம் அல்ல. போட்டி தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் போனபிறகுதான் ஒரு கறுப்பின வீரர் அங்கே ஆட முடிந்திருக்கிறது. ஆனால் வீரர்களின் மட்டைப் பையைத் தூக்க மட்டும் ஆதியிலிருந்தே கறுப்பின ஆட்கள்தான். எண்பதுகள் வரை அந்தக் கழகத்து ஆட்களைத் தவிர வேறு யாரையும் பை தூக்கக் கூட்டிவரக்கூடாது என்பது விதி. அந்தப் புல்லின் சரிவு முழுக்க அவர்களுக்கு மனப்பாடம். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவர்கள் சொல்ல, மற்றவர்கள் கோட் வாங்கினார்கள். விதி தளர்ந்ததும் வீரர்கள் தங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவர்களுக்கு இருந்த வேலையும் போயிற்று. புத்தகங்களில் இவர்களில் பலருக்குப் பட்டப்பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. ஓவரோலின் முதுகில் எழுதியிருப்பது தூக்குகிறவரின் பெயர் அல்ல, விளையாடுகிறவரின் பெயர். பெண்களை அங்கத்தவராகச் சேர்க்கவோ, இந்த நூற்றாண்டு பிறந்தும் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக எங்கள் கழகம் பாடிய பழைய பாட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அங்கே விற்கிற முட்டை சாண்ட்விச் இருக்கிறது, பூக்கள் இருக்கின்றன, மாடுகூட இருக்கிறது. மாட்டுக்குக் கிடைத்த ஒரு வரி அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதைப் பாட்டாகவும் பாடியிருக்கிறார்கள். அன்றே ஐந்தாவது சரணத்தை எழுதினேன். கோட்டுப் போட்டவர்களின் பெயரைப் பாடிவிட்டோம், பை தூக்கியவர்களின் பெயர் எங்கே, அவர்கள் முதுகில் இருந்ததும் இன்னொருவர் பெயர்தானே என்பது அதன் பொருள். டேனிஷில் எதுகை நன்றாகவே விழுந்தது.

தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தளபாடக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற, சிரித்த முகமுள்ள மனிதர். என் கணவரின் முழங்கால் வீங்கிய ஒரு நாள் தன் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மிக அருமையான பாட்டு. ஐந்தாவதை மட்டும் எடுத்துவிட்டோம். பாட்டு நீண்டுவிட்டது," என்றார்.

"இதைவிட இரண்டு மடங்கு நீளமான பாட்டை உன்னுடைய எழுபதாவது பிறந்தநாளில் நான் பாடினேன்," என்றேன். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான்.

அவர் சிரித்தார். "விருந்தல்லவா, மனநிலை கெட்டுவிடும். இன்னொன்று, புதியவர்களில் ஒருவர் போன வருடம் வென்றவருக்குப் பை தூக்குவது வழக்கம். இந்த முறை உன் கணவர். ஓவரோலும் வாங்கிவிட்டோம், அங்கே போடுகிற மாதிரியே!"

போன வருடம் அந்தச் சின்னப் போட்டியில் வென்றவர் தலைவர்தான். புதியவர்கள் என்றால் நாங்கள் இரண்டு பேர் மட்டுமா? எங்களோடு சேர்ந்த டேனிஷ் தம்பதி ஒன்றும் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது பூ வைத்த தொப்பி மட்டும்.

என் கணவரிடம் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலைவர் முதலே கேட்டு, இவரும் ஓம் என்றுவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரா? அந்த முழங்காலோட இன்னொருத்தன்ர பையைத் தூக்கப் போறியளோ?"

"சில்லு வச்ச வண்டியிலதானப்பா இழுக்கிறது. அது சும்மா ஒரு பகிடி."

"யாருக்குப் பகிடி?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "ஊரோட ஒத்து ஓடவேணும். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு எனக்கு நாலு சிநேகிதர் கிடைச்சிருக்கினம். நீர் வாயைத் திறந்தீரெண்டால் அதுவும் போயிடும். தயவுசெய்து சும்மா இரும்."

அந்தத் "தயவுசெய்து"தான் என்னைக் கட்டிப்போட்டது. மனிசியிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடற்காற்று ஊசியாய்க் குத்தியது. இவர் வெள்ளை ஓவரோலைப் போட்டுக்கொண்டு வந்தபோது எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள். இவரும் சிரித்தார். திரும்பினார். முதுகில் பச்சை எழுத்தில் தலைவரின் குடும்பப் பெயர், தோளிலிருந்து தோள்வரை. இவருடைய நீளமான பெயரை இந்தக் கழகத்தில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. முதல் இரண்டு எழுத்தோடு வெட்டிக் கூப்பிடுவார்கள். தலைவரின் பெயரோ ஒரு எழுத்தும் குறையாமல் இவர் முதுகில். வழக்கம் என்றார்களே, எந்தச் சாமி கொண்டுவந்து தந்த வழக்கம் இது?

சில்லு வண்டியும் பொய். "அங்கே தோளில்தானே தூக்குகிறார்கள்," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, பை இவர் தோளில் ஏறிற்று. மேட்டில் ஏறும்போது காலை இழுத்து இழுத்து வைத்தார். பூத்தொப்பிக்காரர்கள் கைகளை வீசிக்கொண்டு போனார்கள். தலைவர் பந்தை அடித்துவிட்டுத் திரும்பிப் பாராமலே மட்டையை நீட்டுவார். இவர் வாங்கித் துடைப்பார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவர்தான் திருப்பினார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். இவரை மட்டும் ஓவரோலைக் கழற்ற விடாமல் தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, பாட்டு முடியட்டும் என்றார்கள். பாட்டுத் தாளில் நாலு சரணம் இருந்தது. ஐந்தாவது இருந்த இடத்தில் ஒரு பூப்படம் போட்டிருந்தார்கள். அந்தப் பூவைப் பார்த்ததும் நான் கொடுத்த சொல்லும் மறந்தது, "தயவுசெய்து"வும் மறந்தது. மண்டபம் நாலாவது சரணத்தைப் பாடி முடித்து, வாழ்த்துச் சொல்லக் கோப்பைகளைத் தூக்கியது. நான் எழும்பி நின்று ஐந்தாவதைத் தனியாகப் பாடினேன். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, அவசரப்படாமல் பாடினேன்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மேசையைத் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தார்கள். "எவ்வளவு உணர்ச்சி!" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். தலைவர் எழும்பி, "இதைவிட நல்ல பாட்டு இந்த மண்டபத்தில் ஒலித்ததில்லை. அடுத்த வருடமும் நீ இதைப் பாடவேண்டும், நம் புதிய வழக்கம்!" என்றார். ஓவரோல் போட்ட மனிதன் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே இதைச் சொன்னார். என் நெருப்பையும் எடுத்துத் தங்கள் மேசை மெழுகுதிரியில் வைத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் இவர் ஓவரோலின் சிப்பை மேலிருந்து கீழே இழுத்தார். ஒரு காலை எடுத்தார், கதிரையைப் பிடித்துக்கொண்டு நோகிற காலையும் எடுத்தார். உள்ளே நான் இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்த நீலச் சட்டை. ஓவரோலை ஆறுதலாக மடித்தார், முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி. அதைத் தலைவரின் கையில் கொடுத்து, தொழிற்சாலையில் கற்ற அந்த உடைந்த டேனிஷில், மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த வருடம் நீ போடு. உன் பெயர்தானே எழுதியிருக்கிறது."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். சுற்றிவரப் பார்த்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

இவர் நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாலு சிநேகிதரும் தங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போவமாப்பா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏன் போக?" என்றார், முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு. "நான் இன்னும் சாப்பிடேல்லை."