ஆண்டவருக்கு எடுத்து வைத்த அரிசி

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதி வைக்கிறேன்.

விழுப்புரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போய்க் கிணற்றடியில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். தண்ணீருக்குப் போன என் காதிலேயே அது விழுந்தது. அன்று முதல் யார் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாலும் “இருக்குது” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்பாதை வேலையில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கப் போவேன். நாங்கள் வேதக்கோயில் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு அதைப் பையில் கட்டிக் கோயிலில் கொண்டுபோய்ப் படைப்போம். என் பை எப்போதும் கனமாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போதுதான், வீட்டுக்காரர் வெளியூரில் இருந்த சமயம், என் மூன்று வயது மகள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் விட்டதும் கம்பவுண்டர் சொன்னார்: “வயிறு புண்ணாயிருக்குதும்மா. கேப்பை ஆவாது. அரிசிக் கஞ்சிதான், தண்ணியாட்டம் குடு.”

வீட்டில் கேப்பை மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள். “யக்கா, கொழந்தைக்கு நொய்யரிசி வேணுமா? ஒரு ஆழாக்கு கெடக்குது.”

“இருக்குது” என்றேன்.

“மெய்யாலுமா?”

“அட, இருக்குதுன்னா!”

அவள் போய்விட்டாள். நான் கேப்பையைத் துணியில் வடிகட்டிப் பால் போலக் காய்ச்சிக் கொடுத்தேன். குழந்தை வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படித்தான். இடுப்பில் அவளைத் தூக்கிக்கொண்டு மண்டிக்குப் போய், இருட்டும்வரை உரித்தேன். கூலிக்கு அரிசி கேட்டேன், மல்லாட்டைதான் கொடுத்தார்கள். ஜெபம் பண்ணாமல் இல்லை. “ஆண்டவரே, எனக்குப் பெலன் கொடும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஜெபித்தேன். நான் கேட்டது அவரையல்ல, என் கைக்குத் தெம்பைத்தான். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆண்டவர் பானையில் ஒரு படிக்கு மேல் அரிசி இருந்தது. அதைத் தொட எனக்குப் பயம். வரும் ஞாயிறுதான் படைக்கும் ஞாயிறு; வெறும் பையோடு கோயிலுக்குப் போவது அதைவிடப் பயம்.

சனிக்கிழமை காலையில், வீடுவீடாக வேதம் வாசிக்க வரும் பைபிள் அம்மா வந்தார்கள். குழந்தை தலையைத் தூக்க முடியாமல் பாயில் கிடந்தாள். கண் மட்டும் பானைப் பக்கம் இருந்தது. “சோறு” என்றாள்.

அந்த அம்மா பானை மூடியை எடுத்துப் பார்த்தார்கள். “ஏண்டியம்மா, இத்தன அரிசிய வச்சிக்கினு பொண்ணப் பட்டினி போட்டிருக்கியா?”

“அது ஆண்டவருதுங்கம்மா.”

“ஆண்டவரு வயித்துலயா புண்ணு? பக்கத்துலயாச்சும் கேட்டியா?”

“அவளே வந்து கேட்டா. இருக்குதுன்னுட்டேன்” என்றேன்.

“குடுக்கறதுன்னா மொதல்ல வந்து நிக்கற. வாங்கறதுன்னா மட்டும் கை மடங்கிப் போவுது. அவருகிட்டகூட வாங்க மாட்டியா நீ?”

அவர்களே அடுப்பு மூட்டினார்கள். குழந்தை மூன்று கரண்டி குடித்தாள். நாலாவது உதட்டிலிருந்து வழிந்தது. குடித்தது உள்ளே தங்குகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கியது.

“மீதி அரிசியும் கொழந்தைக்குத்தான். நாளைக்கி வெறும் பையை எடுத்துக்கினு வா” என்றார்கள் போகும்போது.

“ஒண்ணுமில்லாமலா? சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். வந்து வாயத் தொறந்து கேளு.”

மறுநாள் ஒரு கையில் மடித்த பை, இடுப்பில் குழந்தை. எல்லாப் பெண்களும் பையை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு முன்னால் போனேன். “என்னால முடியலங்க. எம் பொண்ணுக்காக வேண்டிக்குங்க” என்றேன். பின்னால் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். சிரித்தார்களோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை.

புண்ணான வயிற்றுக்கு முழு அரிசியைவிட நொய்க் கஞ்சி இதம் என்று, கோயிலிலிருந்து நேராகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் நொய் கேட்டேன். “நேத்தே பொங்கிட்டனே யக்கா, இருக்குதுன்னு சொன்னியே” என்றாள். பிறகு எங்கேயோ போய் இரண்டு பிடி வாங்கிவந்து கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கினேன்.

மகள் பிழைத்தாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா சனிக்கிழமை வராமல் திங்கட்கிழமை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பானையில் அரிசியை வைத்துக்கொண்டு அவளைப் பட்டினி போட்ட அந்த இரண்டு நாளைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் கொடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.