ஃபைலுக்குள் வராத எழுத்துகள்

ராமநாதபுரத்தில் கல்லூரிக் கடைசி வருடம் படித்தபோது, ப்ராஜெக்டில் எனக்குக் கூட்டாளி தங்கச்சிமடத்துப் பெண். அவள் வீட்டில் மீன்பிடித் தொழில். எங்களுக்கு அபிராமம் பக்கம், மிளகாய்க் காடு. இருவரும் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கில எழுத்துகளில் அடிப்பதைத் தமிழாக மாற்றி ஒரு ஃபைலில் எழுதும் நிரலை ஜாவாவில் செய்ய ஆசைப்பட்டோம்.

எழுத்தை மாற்றும் பகுதி எங்களைப் பல வாரம் படுத்தியது. ஒரு மத்தியானம் கல்லூரி லேபில் முதன்முறையாக முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். 'மீன் குழம்பு கொதிக்குது, சீக்கிரம் வா' என்று அவள் அடித்தாள். பிழை ஒன்றும் காட்டவில்லை. ஃபைலைத் திறந்தால் ஓர் எழுத்துகூட இல்லை.

"எங்கடி போச்சு?" என்றேன்.

மாற்றும் பகுதியைத்தான் சந்தேகப்பட்டேன். வரிவரியாகப் பார்த்தும் தப்பு அகப்படவில்லை.

"ஒரு வரிதான குடுத்தோம், நெறையாக் குடுத்துப் பாப்பமே" என்றாள் அவள். அதே வரியை நூற்றுக்கணக்கில் நகலெடுத்துக் கொடுத்தோம். இந்த முறை ஃபைல் முழுக்கத் தமிழ். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரிக்குப் போனதும் சிரித்துவிட்டாள்.

"இங்கன பாரு. சீக்கிரம் வான்னு முடிக்காம 'சீக்கி'யோட நிக்கிது."

ஜாவா புத்தகத்தைப் புரட்டினோம். நாங்கள் பயன்படுத்திய பஃபர்டு ரைட்டர் என்ற ஜாவாக் கருவி எழுத்துகளை உடனுக்குடன் ஃபைலுக்கு அனுப்பாதாம். நினைவகத்தில் சேர்த்துவைத்து, இடம் நிரம்பியதும் மொத்தமாக அனுப்புமாம். மிச்சம் போய்ச்சேர வேண்டுமானால் ஃப்ளஷ் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் க்ளோஸ் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. ஒற்றை வரி அந்த இடத்தை நிரப்பவே இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள். க்ளோஸ் என்று ஒரு வரி சேர்த்தோம். மீன் குழம்பு முழுதாக வந்தது.

பக்கத்து மேசைப் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பெயரை அடிக்க வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு வந்த லேப் ஆசிரியர், சிரித்தே நாங்கள் பார்த்திராதவர், "எம் பேரை அடிங்கம்மா" என்றார். அவருடைய முன்னெழுத்து ஆங்கில 'கே'. அடுத்து உயிரெழுத்து வராததால் எங்கள் நிரல் அதை 'க்' என்று எழுதிவிட்டது.

"என்னம்மா, எங்கப்பாவுக்கே புள்ளி வச்சுட்டீங்க" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். திருத்துகிறோம் என்றோம்.

"திருத்துங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

நாங்கள் படிப்பை முடித்துக் கிளம்பும்வரை அது அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.