படிக்கட்டுக்கு அடியில் இருந்த மோட்டார் சுவிட்ச்

நைனாவின் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் சுவரிலிருந்த பழைய ஆணி ஓட்டைகள் கண்ணில் பட்டன. மோட்டார் சுவிட்ச் இருந்த இடம். அது மறுபடி இங்கேயே வரணும், கேட்டு வாங்கணும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஓனர் வீட்டையும் சேர்த்து மூன்று குடித்தனம். நாங்கள் மாடி. முன்பெல்லாம் தொட்டி காலியானால் யார் வேண்டுமானாலும் சுவிட்சைப் போடலாம். கோடையில் ஓனர் புது மோட்டார் வாங்கினார், கையோடு சுவிட்சையும் தன் வீட்டுக்குள் மாற்றிக்கொண்டார்.

"ஆளாளுக்குப் போட்டுத்தான் பழசு எரிஞ்சு போச்சு. தண்ணி வேணும்னா ஒரு குரல் குடுங்க, போட்டு வுடறேன்."

குரல் கொடுத்தோம். ஆனால் பக்கவாதத்தில் படுத்துவிட்ட நைனாவுக்கு எத்தனை தடவை துணி அலச வேண்டியிருக்கும்! ஒவ்வொரு தடவையும் ஓனர் வாசலில் போய் நிற்க அம்மாவுக்குக் கூச்சம்.

போனில் வாடகைச் சட்டத்தைத் தேடிப் படித்துக் காட்டினேன். குடியிருப்பவர்களுக்கு வருகிற தண்ணீரையும் கரண்டையும் ஓனர் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது.

"இன்னாடி, பெரிய வக்கீலு! படுத்த ஆள வச்சினு போனா வேற எவன் வீடு குடுப்பான்?" என்றாள் அம்மா. போனை அணைத்து வைத்தேன்.

அமாவாசையன்று ஓனர் குடும்பத்தோடு மேல்மலையனூர் போய்விட்டார். கதவில் பூட்டு. சாயங்காலம் நைனாவின் உயிர் பிரிந்தது. குழாயைத் திறந்தால் வெறும் காற்று. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டு அக்காதான் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி.

"வச்சிடுக்கா, நான் தூக்கறேன்."

"நீ போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு, போ."

மறுநாள் காலையில் வந்த ஓனர் நைனாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். நிஜமான அழுகைதான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சாவியக் குடுத்துட்டுப் போயிருப்பனே, தங்கச்சி" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. தண்ணீருக்கு ஏன் கேட்டு நிற்கணும் என்பது மட்டும் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

அக்காவுக்கு இந்த மாதமே பிரசவம். பச்சைக் குழந்தையோடு அவளும் குரல் கொடுத்துக்கொண்டு நிற்பாளா? நாளைக் காலையில் ஓனர் கதவைத் தட்டப் போகிறேன். சுவிட்ச் பழைய இடத்துக்கு வரணும். முடியாது என்றால் அடுத்த பஸ் திண்டிவனத்துக்கு, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க.

அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவை திட்டவில்லை.

"பஸ்ஸெல்லாம் அப்புறம். ஓனர் வீட்டுக்கு நானும் வரேன்" என்றாள்.