மேலே பாயும் அருவியும் அம்மாவின் சேலையும்

நான் முதன்முதலில் தனியாகச் செய்த ஷாட் சரியில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் வந்தால் சென்னை டீமுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்துவிட்டால், எபிசோடின் கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் இருக்காது. பெயர் வரும் என்று அம்மாவிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அம்மா எங்கள் ஊர் இலத்தூரில் பாதித் தெருவுக்குச் சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான்.

அனிமேஷன் வேலைக்கு வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தென்காசியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. நாங்கள் செய்த தொடரில் குற்றாலம் வேறோர் உலகத்தில் இருக்கிறது. அங்கேயும் மனிதர்கள் தரையில்தான் நடப்பார்கள். அருவி மட்டும் பாறையடியில் புறப்பட்டு வானத்துக்குப் பாயும். செண்பகம் என்ற பெண் பாவாடை தாவணியோடு அதற்குள் கால் வைக்கிறாள். பறக்கும் சக்தி பெறுகிறாள். கால் வைக்கும் அந்த நாலு செகண்டுதான் என் ஷாட்.

கைகளை விரித்து, முகத்தை நிமிர்த்தி அவளை நிற்க வைத்தேன். வீடியோ காலில் சென்னையிலிருந்து டைரக்டர் மேடம், "பொண்ணு அழகா இருக்கா. தண்ணிதான் அவ மேல படவே இல்ல" என்றார். தண்ணீரின் வேகத்தைக் கூட்டி மறுபடி அனுப்பினேன். "இப்பவும் ஃபேன் காத்துல நிக்கற மாதிரிதான் இருக்கு."

எங்கள் டீம் லீட் இசக்கி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா பேச்சி, நீ மெயினருவியில குளிச்சதே இல்லையா? அங்கன எவளாவது இப்படிக் கைய விரிச்சிட்டு நிக்காளா? தண்ணி தள்ளிராம கம்பியப் புடிச்சிட்டுல்லா நிக்கா! போயி ரெஃபரன்ஸ் எடு."

ரெஃபரன்ஸ் என்றால், ஒருவரை நடிக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவைப் பார்த்துச் செய்வது.

"பொம்பளைங்க பக்கம் செல்போனத் தூக்குனா போலீஸக்கா என்னைய உள்ள தள்ளிருவாவண்ணே."

"அப்பம் வீட்டுல வச்சு எடு."

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, வெளிநாட்டு வீடியோக்களில் போஸ் தேடியதுதான் நான் செய்த தப்பு.

வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பி ஜன்னல் பக்கம் நிறுத்தி, போனில் வீடியோவை ஓடவிட்டேன். "எம்மா, இது அருவிக் கம்பின்னு வச்சுக்கோ. தண்ணி காலுக்கடியில இருந்து மேல பாயுது. உள்ள கால வையி."

"கீழ இருந்தா? மெயினருவி வேகத்துலயா?"

"அதே வேகம்தான்."

அம்மா யோசித்தாள். காலை வைத்தாள். வைத்த உடனே ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். மறு கையால் சேலையை அள்ளி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்தாள்.

"என்னம்மா பண்ணுத?"

"சேல தூக்காதாட்டி? கீழ இருந்து தண்ணி அடிச்சா எவ கைய விரிப்பா, கூறுகெட்டவளே!"

மூன்று நாள் உட்கார்ந்து, அந்த உலகத்து அருவிக்கும் ஒரு கம்பி போட்டு, அம்மாவின் இரண்டு கைகளும் செய்ததைச் செண்பகத்துக்குக் கொடுத்தேன். பயம் தெளிந்து கம்பியை விடும்போதுதான் அவள் மேலே எழும்புவாள்.

இசக்கி அண்ணனுக்குச் சந்தேகம். "சூப்பர் ஹீரோ பாவாடையப் புடிச்சிட்டா நிப்பா?"

"பறக்கதுக்கு முன்னாடி அவளும் நம்ம ஊர்ப் பிள்ளதானண்ணே."

மேடம் பார்த்தார். சிரித்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். "இப்பதான் தண்ணி அடிக்குது. லாக் பண்ணிடுங்க, இனி மாத்த வேண்டாம்."

எபிசோட் வந்த அன்று தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிறுத்தி, 'பேச்சியம்மாள்' என்ற எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விரல் வைத்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "பின்னால தள்ளுட்டி, அந்தப் பிள்ள கம்பியப் புடிக்கிற எடத்துக்கு" என்றாள். ஓடவிட்டேன்.

"ஏளா, இங்கன பாருங்க," என்று எல்லோரையும் அருகே இழுத்தாள். "இது நான்லா!"

அன்றிலிருந்து நான் யாரை ரெஃபரன்ஸுக்கு நிறுத்தினாலும், எப்படி நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.