கத்திக்கு எந்த எஃகு நல்லது?

ஆர்டர் வாங்கிக் கத்தி செய்து கொடுக்கும் தொழிலில் நெருப்பும் இரும்புத்தூளும் சீக்கிரம் பழகிவிடும், "எது சார் பெஸ்ட் ஸ்டீல்?" என்ற கேள்விதான் பழகுவதே இல்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி என் பட்டறை. மடக்குக் கத்தி செய்வதில்லை. அலகும் பிடிக்குள் போகும் பாகமும் ஒரே துண்டாக இருக்கும் கத்தி மட்டும்தான். கெட்டியான எஃகில் கூர் நிற்கும், ஆனால் தெறிக்கும். வளைந்து கொடுக்கிற எஃகு உடையாது, கூர் சீக்கிரம் போய்விடும். துருவே பிடிக்கக்கூடாது என்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இதைப் பத்து வருஷமாகச் சொல்கிறேன். வருகிறவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்ததையே கேட்பார். கடை வைத்திருக்கிற யார் இதைப் படித்தாலும் பெருமூச்சு விடுவார்கள்.

கல்லு மாதிரி

ரவி துபாயிலிருந்து திரும்பித் திருவையாறு பக்கம் தென்னந்தோப்பு வாங்கியவர். செல்போனில் ஒரு எஃகின் பெயரைக் காட்டி, "இதுலதான் வேணும். கல்லு மாதிரி இருக்கணும்" என்றார். தேங்காய் வெட்டத்தான் என்று தெரிந்ததும், "அதுக்கு இது வேணாங்க, தெறிக்கும். லாரிப் பட்டை எஃகுல செஞ்சு தர்றேன்" என்றேன். "லாரி இரும்பா?" என்று முகத்தைச் சுளித்தார். வேறு பட்டறைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குள் ஒரு பயம். அவர் கேட்டதையே செய்து கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்துத் தம்பியோடு வந்தார். தம்பியின் இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. முற்றின தேங்காயை ஓங்கி வெட்டியபோது, விளிம்பிலிருந்து அரிசி அளவு சில்லு பெயர்ந்து, எதிரே காய் பொறுக்கிக்கொண்டிருந்த தம்பியின் கண்ணில் பாய்ந்துவிட்டது. பார்வை வராது என்று சொல்லிவிட்டார்களாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பின்னால் நகர்ந்தேன். ரவி கத்தியை மேசைமேல் வைத்தார். "நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

வாடை

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு மாட்டு டாக்டரம்மா வந்தார். எஃகின் பெயர் எதையும் சொல்லாமல், செய்யப்போகும் வேலையை மட்டும் சொன்ன அபூர்வ வாடிக்கையாளர். செத்த மாட்டை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று எழுத வேண்டும். ரத்தம் பட்டாலும் கொதிநீரில் போட்டாலும் துருப்பிடிக்கக்கூடாது. யோசிக்கவே தேவையில்லை. துருப்பிடிக்காத எஃகில் அலகு, வேப்பங்கட்டையில் பிடி. மரப்பிடி தண்ணீரில் ஊறுமே என்றேன். கைக்கு இதமாக இருக்கும், மரமே போடுங்கள் என்றார்.

அந்த மழைக்காலத்தில் புயல் அடித்தது. கொட்டகையில் கட்டிக்கிடந்த மாடுகள் அவிழ்த்துவிட ஆளில்லாமல் கட்டின இடத்திலேயே செத்தன. இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் அறுத்துச் சான்று எழுத வேண்டும். தண்ணீர் வடியாத வயலில், மாட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, நாள் கணக்கில் அதைச் செய்திருக்கிறார். பிறகு கத்தியோடு வந்து, "பிடியை மட்டும் மாத்திக் கொடுங்க, வாடை போகமாட்டேங்குது" என்றார். நான் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது. என்னோடு சாணை பிடிக்கும் பாலு அண்ணனும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு வரலியா? எனக்குச் சோத்துல கை வச்சாக்கூட வருது."

சாட்சிக் கூண்டு

கறிக்கடை வைக்கப்போவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். பேரிங் எஃகில் செய்து கொடுத்தேன். கறி வெட்ட அதைப்போலக் கூர் நிற்கிற எஃகு குறைவு. அவர் கடை வைக்கவில்லை. வரப்புத் தாவாவில் பங்காளியைக் குத்திவிட்டார். கத்தியில் என் முத்திரை இருந்ததால் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் பைக்குள் இருந்த அதை அடையாளம் காட்டினேன். நான் செய்ததில் அதுதான் சுத்தமான வேலை என்று அந்த நேரத்திலும் மனசுக்குள் ஓடியது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். செத்தவருடைய மனைவி பெஞ்சில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், கூட வந்த ஏட்டு பாராட்டுகிற தோரணையில் முதுகில் தட்டினார். "மட்டமான கத்தியா இருந்திருந்தா ஆளு பொழைச்சிருப்பாராம், டாக்டரு சொன்னாரு. உங்க சரக்கு தரமான சரக்குங்க."

அமுதா கொண்டுவந்த பட்டை

அமுதா மன்னார்குடி மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். பழைய புடவையில் சுற்றிய இரும்பைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பிரித்தால் லாரிப் பட்டை; வண்டியின் பாரத்தைத் தாங்க, வில் மாதிரி வளைத்து அடுக்கியிருப்பார்களே, அதில் ஒன்று. வைக்கோல் ஏற்றி வந்த லாரி மதகில் மோதி வாய்க்காலில் கவிழ்ந்து, அதில் வந்த அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். "வண்டிய இரும்புக் கடையில உடைச்சாங்க. இதை மட்டும் கேட்டு வாங்கியாந்தேன். இதுல ஒரு கத்தி பண்ணிக் கொடுங்க" என்றார். பட்டை நல்ல எஃகுதான், ஆனால் அடிபட்ட பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், புதுசிலேயே செய்து தருகிறேன் என்றேன். "இருந்தா இருந்துட்டுப் போவுது. இதுலயே பண்ணுங்க."

பண்ணினேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். பிடி வரும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி விரிசல். மிச்சத் துண்டில் இன்னொன்று அடித்தேன். அதுவும் போயிற்று. "புது பட்டையில அடிச்சுக் குடு. இரும்பு என்ன பேசவா போவுது?" என்றார் பாலு அண்ணன். அவர்மேல் எரிந்து விழுந்தேன். மறுநாள் அவர் சொன்னதையேதான் செய்தேன். அமுதா வந்து கத்தியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "உறை வேணுமா?" என்றுதான் வந்தது.

ஒரு வருஷம் கழித்துச் சாணை பிடிக்க வந்தார். அலகு பாதி தேய்ந்திருந்தது, அத்தனை மீன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று, "எப்படிங்க இருக்கு கத்தி?" என்று மெல்ல ஆரம்பித்தேன். சிரித்தார். "உசுரோட இருந்தப்ப ஒரு வேலை ஒழுங்கா செஞ்சதில்ல மனுஷன். இப்பத்தான் ஒரு நாளு லீவு போடாம எங்கூட நிக்கிறாரு."

எந்த எஃகை எவ்வளவு சூட்டில் வைத்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று பட்டறைச் சுவரில் பட்டியல் ஒட்டி வைத்திருக்கிறேன். மனுஷருக்கும் அப்படி ஒன்று எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள், பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.